வீட்டுக் கல்வியா, அரசுப் பள்ளியா: ஆறாம் வகுப்புக்கு முன் போட வேண்டிய கணக்கு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று விசாரிக்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால், அவர்களுக்குக் கோபம் தனியார் பள்ளி மேல்தான் என்பது தெரிந்துவிடும். எல்.கே.ஜி.க்கே கேட்கும் கட்டணம், வேனுக்குத் தனிப் பணம், முதல் வகுப்புக் குழந்தை ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து எழுதும் வீட்டுப்பாடம், பெற்றோர் வாட்ஸாப் குழுவில் நடக்கும் மார்க் போட்டி. "இவ்வளவு பணத்தையும் கட்டிட்டு, கடைசியில நாமதானே உக்காந்து சொல்லித் தர்றோம்" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் அங்கிருந்து நேரே வீட்டுக் கல்விக்குத் தாவுகிறவர்களில் பலர், தெருக்கோடியில் இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குள் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டணமும் வேனும் மலைபோல் வீட்டுப்பாடமும் மார்க் போட்டியும் அங்கே பெரும்பாலும் கிடையாது. வேறு குறைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் வருகிறேன்.

எனக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தில் தெரியும். நாங்கள் இருப்பது பெருந்துறைப் பக்கம். என் மகள் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்காம் வகுப்பு. கோவையில் இருக்கும் என் தங்கை, மகனை இதுவரை எந்தப் பள்ளியிலும் சேர்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூடினால் இந்தப் பேச்சு வராமல் பந்தி முடிவதில்லை. அந்த வாக்குவாதங்களில் கிடைத்த தகவல்களையும் என் தீர்ப்பையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் எல்லோரும் முதலில் பயப்படுவது அதற்குத்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது அதன் சாரம். பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் இல்லை. 'கட்டாயம்' என்ற சொல் முக்கியமாக அரசாங்கத்தைத்தான் கட்டுகிறது: பள்ளியைக் கட்டு, ஆசிரியரைப் போடு, பிள்ளை வருகிறதா என்று பார். கடுமையான ஊனம் உள்ள பிள்ளைகளைத் தவிர்த்து மற்றவர்களுக்கு வீட்டுக் கல்வி உண்டா இல்லையா என்று அது வாய் திறக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில், வீட்டில் படிப்பதற்குத் தடையில்லை என்ற பொருளில் 2012இல் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த மத்திய அரசு, பிறகு அந்த நிலைப்பாட்டிலிருந்து பின்வாங்கிவிட்டது. ஆக, இது தடையும் இல்லாத, அங்கீகாரமும் இல்லாத இடம். பல நூறு குடும்பங்கள் இதில் நிம்மதியாக இருக்கின்றன. ஆனால் நாளைக்கு ஏதாவது சான்று கேட்டு யாராவது மறித்தால், கையில் காட்ட ஒரு தாள் இருக்காது.

நடைமுறையில் அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வருவது 'பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு' என்ற பெயரில். ஆசிரியர் பயிற்றுநர்களும் தன்னார்வலர்களும் தெருத் தெருவாகப் போய், இடைநின்ற பிள்ளைகளையும் சேராத பிள்ளைகளையும் குறித்துக்கொள்வார்கள். தங்கை வீட்டுக்கும் வந்தார்கள். "பையன் எந்த ஸ்கூலுங்க?" என்று கேட்ட அம்மாவிடம், வீட்டிலேயே படிக்கிறான் என்று சொல்லி நோட்டுகளைக் காட்டியிருக்கிறாள். அவர் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் படிக்கறானுங்க. ஆனா எந்தக் கட்டத்துல டிக் போடறதுன்னுதான் தெரியலீங்க" என்றாராம். வேலைக்குப் போகும் பிள்ளை, ஊர் மாறிய பிள்ளை என்று காரணங்களுக்குக் கட்டம் இருக்கிறது. அம்மா சொல்லித் தருகிறாள் என்பதற்கு இல்லை. சட்டத்தின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

பள்ளிக்குள் என்ன நடக்கிறது?

அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் கரும்பலகை, பிரம்பு, கோரஸாக வாய்ப்பாடு என்று நினைப்பவர்கள் பழைய நினைவில் இருக்கிறார்கள். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளும், பிறகு நான்கும் ஐந்தும், அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. வயதை வைத்து இல்லாமல், பிள்ளைக்கு எழுத்து தெரியுமா, சொல் தெரியுமா, வாக்கியம் வாசிக்குமா என்று பார்த்துப் பிரிப்பது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக்கூட்டத் தடுமாறினால் அந்தப் பிள்ளை அரும்பில் உட்காரலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. காகிதத்தில் படித்தால் வீட்டுக் கல்விக்காரர்கள் கேட்கும் அதே விஷயம்: பிள்ளையின் வேகத்துக்குப் பாடம்.

காகிதத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில்தான் சிக்கல். நம் தொடக்கப் பள்ளிகள் பலவும் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்ற சட்டக் கணக்கு அங்கே சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் மொத்தமே நாற்பது ஐம்பது பிள்ளைகள்தான். ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்பு, மூன்று நிலை. இதற்கு நடுவே செல்போனில் வருகைப் பதிவு, எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் பதிவேற்றம், திறன் மதிப்பீடு, சத்துணவுக் கணக்கு. நான் ஒருநாள் மதியம் போனபோது, டீச்சர் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டே, மறு கையால் ஒரு பையனின் நோட்டில் 'ழ' எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். சுழி சரியாக வரும்வரை விடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனது வரவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பையனைத் தவிர மற்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது கேள்விதான்.

விளைவு, கிராமப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் ஏசர் ஆய்வுகளில் தெரிகிறது. தமிழகக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க முடியவில்லை என்பது அதில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. இது அரசுப் பள்ளிக்கு மட்டும் உரிய குறை இல்லை என்றாலும், அரசுப் பள்ளியில் சேர்க்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும். பள்ளியில் விட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தால் பிள்ளை பின்தங்கும். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பு, அரை மணி கணக்கு. நாலே காலுக்கெல்லாம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவதால் அதற்கு நேரம் இருக்கிறது. வீட்டுக் கல்வியில் பாதியை இப்படி அரசுப் பள்ளியில் சேர்த்த பிறகும் செய்யலாம். தனியார் பள்ளியில் சேர்த்தால் அதற்கு நேரமும் இருக்காது, பிள்ளைக்குத் தெம்பும் இருக்காது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவான சத்துணவு இன்று முட்டையோடு நடக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. வசதியுள்ள வீட்டுக்காரர்கள் இதை "அது நமக்கில்லை" என்று ஒதுக்குகிறார்கள். என் மகள் அங்கேதான் சாப்பிடுகிறாள். ஏழரை மணிக்குத் தட்டோடு பின்னால் ஓடும் வேலை எனக்கு இல்லாமல் போனது என்பதும் ஒரு லாபம்தானே.

வீட்டில் என்ன நடக்கிறது?

தங்கை மகனுக்குப் பாட நேரம் காலையில் இரண்டு மணி நேரம்தான். ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்தால் அது போதும். பள்ளியில் ஒரு நாள் முழுக்க நடப்பது இரண்டு மணியில் முடிந்துவிடும் என்று அவள் சொல்வது மிகையில்லை, நான் பார்த்திருக்கிறேன். மீதி நேரம் அவனுடையது. சிங்காநல்லூர் குளத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பதில் அவனுக்குப் பைத்தியம். கூழைக்கடா எத்தனை, நீலத் தாழைக்கோழி எத்தனை, எந்தக் கரையில், தண்ணீர் எந்த அளவில் என்று தேதி போட்டு நோட்டில் கட்டம் கட்டி எழுதுகிறான். 'கூழைக்கடா வந்தால் மீன் இருக்குன்னு அர்த்தம். மீன் இருந்தாலும் கூழைக்கடா வராத நாள் இருக்கு. ஏன்?' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். நான்காம் வகுப்பில் எந்தப் பாடநூலும் இந்தக் கேள்வியைக் கேட்க வைக்காது. வீட்டுக் கல்வியின் முழு நியாயமும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அதே வீட்டின் இன்னொரு பக்கம் தங்கையின் நாள். ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். பதினொன்றே முக்காலுக்கு அலுவலக அழைப்பு வந்தால், வகுத்தலில் மீதி வந்த கணக்கோடு பையன் கதவோரம் நிற்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளி லீவு. மாப்பிள்ளை நல்லவர்தான், ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கூட்டிப் போவார், போட்டோ எடுப்பார். தினப்படிப் பாடம் அம்மா தலையில்தான். நான் பார்த்த வீட்டுக் கல்விக் குடும்பங்கள் அத்தனையிலும் இப்படித்தான். 'நாங்கள் வீட்டுக் கல்வி செய்கிறோம்' என்று அப்பா சொல்லும்போது அந்த 'நாங்கள்' யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பணக்கணக்கும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வீட்டுக் கல்விக்குச் செலவே இல்லை என்பார்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன, 'துளிர்' போன்ற இதழ்கள் மலிவு. எல்லாம் சரி. ஆனால் மாதம் 22,000 வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டால் ஆண்டுக்கு 2,64,000 ரூபாய். ஐந்து ஆண்டில் 13,20,000. அந்தச் சம்பளத்தில் ஏறியிருக்க வேண்டிய உயர்வும், திரும்ப வேலை தேடும்போது விழும் இடைவெளியும் இதில் சேரவில்லை. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, பை, சாப்பாடு எல்லாம் இலவசம் என்பதோடு, அம்மா வேலைக்கும் போகலாம். பணத்தை மட்டும் பார்த்தால் இது போட்டியே இல்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கல்விக்கு என்று கிடைக்கும் பயிற்சித்தாள்கள், காணொளிகள், பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டில் முனைந்து தமிழுக்கு நேரம் ஒதுக்காவிட்டால், பிள்ளை தமிழில் பேசும், ஆனால் வாசிக்கத் திணறும். தங்கை வீட்டிலும் இந்தக் குறை உண்டு. பறவை நோட்டில் பேர்கள் தமிழில் இருப்பதற்கே நான் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சண்டை போட்டேன்.

யாரோடு வளர்கிறது என்பது

வீட்டுக் கல்வி என்றதும் எல்லோரும் கேட்பது "பிள்ளை நாலு பேரோட பழக வேண்டாமா?" இதற்கு வீட்டுக் கல்விக்காரர்களிடம் பதில் இருக்கிறது: கராத்தே வகுப்பு, நீச்சல், அவர்களுக்குள் மாதக் கூடுகை. பதில் சரிதான், பிள்ளைகள் நன்றாகவே பழகுகிறார்கள். கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். அந்த நாலு பேர் யார்? கூடுகைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் படித்த, கார் வைத்திருக்கிற, இயற்கை விவசாயம் பேசுகிற ஒரே மாதிரி வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். என் மகள் வகுப்பில் கொத்தனார் மகன், சலூன்காரர் மகள், சிப்காட்டில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த ஒடியாப் பெண் ஒரு வருஷத்துக்குள் "ஏனுங்க டீச்சர்" என்று கொங்குத் தமிழில் இழுக்கிறது. என் மகள் பதிலுக்கு ஒடியாவில் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டாள்.

இதை அழகாக மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யாகிவிடும். பல ஊர்களில் வசதியான சாதிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் வேன் ஏறிப் போய்விட்டார்கள்; ஒன்றியப் பள்ளியில் மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகளும் கூலி வேலைக் குடும்பங்களும். 'அங்கே சூழல் சரியில்லை' என்று சொல்லப்படுவதில் பாதிக்கு அர்த்தம் இதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தங்கள் காரணங்களில் இதுவும் ஒன்றா என்று தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு பக்கம், உயர்நிலை வகுப்புகளில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருவது பல மாவட்டங்களில் நிஜமான பிரச்சினை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளி சமத்துவத்தைத் தானாகக் கற்றுத் தந்துவிடாது. கலந்து உட்கார ஒரு இடம் இருக்கிறது என்பதுதான் அதன் மதிப்பு, அந்த இடத்தையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அடி, திட்டு என்று வந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் போனில் சேமித்து வையுங்கள்.

ஆறாம் வகுப்பு என்ற கேட்

இந்த ஒப்பீட்டில் பலரும் தவறவிடுவது இதைத்தான், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய அளவில் திருத்திக்கொள்ளலாம். ஆறிலிருந்து அப்படி இல்லை.

தமிழ்நாட்டில் 2020இல் வந்த சட்டப்படி, நீட் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அடுத்த ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முக்கியத் தகுதி இதுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளிகூட இதில் சேராது. நடுவில் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாலும் போச்சு. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', 2024இல் ஆண்களுக்கு வந்த 'தமிழ்ப் புதல்வன்' இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான் அடிப்படை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கிடைப்பதெல்லாம் இவற்றுக்கு முன்னால் சின்ன விஷயம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்பது இன்னும் கறாரானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும். அதற்குச் சான்று தருவது பள்ளித் தலைமையாசிரியர். வீட்டில் படித்த ஆண்டுகளுக்கு அந்தச் சான்றை யாரிடம் வாங்குவது? அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழிப் பிரிவில் சேர்க்கிறவர்களும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும்.

"என் பிள்ளை டாக்டர் ஆக வேண்டாம், அரசு வேலையும் வேண்டாம்" என்று சொல்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதில் என்ன ஆசை வரும் என்று யாருக்குத் தெரியும்? பறவை பார்க்கிற பையனுக்குக் கால்நடை மருத்துவம் படிக்கத் தோன்றலாம். அதற்கான சலுகைக் கதவை அவன் சார்பில் நாம் மூடுகிறோம் என்ற தெளிவோடு மூட வேண்டும்.

ஆறுக்குப் பிறகும் வீட்டில்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். மொழியோடு சேர்த்து ஐந்து பாடம், ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம். சதுரங்கம், டென்னிஸ் என்று தீவிரமாக ஆடும் பிள்ளைகளுக்கு இந்த வளைந்து கொடுக்கும் தன்மை வரப்பிரசாதம். திறந்தநிலையில் படித்தவர்கள் நீட் எழுத முன்பு இருந்த தடையை 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் மாநில அரசு வேலைக்கு இந்தச் சான்றை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை, சேரும் சமயத்தில் நடப்பில் உள்ள அரசாணையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பயிற்சி மையக்காரர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, பள்ளியில் சேராமல் தேர்வை மட்டும் எழுதுவது: நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வர் வழி. 12½ வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறி, 14½ வயதும் ஆகிவிட்டால் பத்தாம் வகுப்பு நேரடித் தனித்தேர்வர். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்குப் போக வேண்டும். அந்தத் தேதியைக் கோட்டைவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். சமச்சீர்ப் பாடத்தைத் தமிழில் வீட்டில் படிக்கிறவர்களுக்கு இந்த வழிதான் பொருத்தம், ஆனால் ஏனோ இதைப் பற்றி வீட்டுக் கல்விக் கூடுகைகளில் யாரும் பேசுவதில்லை. வெளிநாட்டு வாரியத் தேர்வைத் தனியாக எழுதலாம் என்பவர்களும் உண்டு. பாடத்துக்குப் பாடம் ஆயிரக்கணக்கில் கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பயந்து கிளம்பியவர்கள் அங்கே போய்ச் சேர்வது வேடிக்கைதான்.

கடுமையான ஊனமோ பலவகைக் குறைபாடுகளோ உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. 2012 திருத்தத்தின்படி வீட்டுவழிக் கல்வி அவர்களுக்குச் சட்டப்படியான உரிமை. வட்டார வள மையத்தில் பதிந்தால் சிறப்பாசிரியரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருவார்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயரும் இருக்கும். அந்தப் பெற்றோர் மேலே சொன்ன வாதங்களில் சிக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

வீட்டில் ஒரு பெரியவருக்கு தினமும் மூன்று மணி நேரம் தடையில்லாமல் கிடைக்கிறது, அவருக்குச் சொல்லித் தருவதில் உண்மையான ஆசை இருக்கிறது, அந்த வருமானம் இல்லாமலும் குடும்பம் ஓடும் என்றால், ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுக் கல்வி நல்ல தேர்வு. பள்ளியில் கிடைக்காத ஒரு ஆழம் அதில் கிடைக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். குறிப்பாக, அம்மா வேலை பார்த்துக்கொண்டே பார்த்துக்கொள்வாள் என்ற திட்டம் ஒரு வருஷத்தில் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து வாட்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அரசுப் பள்ளியும் சாயங்கால வாசிப்பும் போதும், நன்றாகவே போதும்.

ஆறாம் வகுப்பிலிருந்து, பிள்ளைக்கு வலுவான தனிக் காரணம் இருந்தால் தவிர, அரசுப் பள்ளிதான் என் வாக்கு. தங்கையும் இதற்கு அரைமனதாக இறங்கி வந்திருக்கிறாள்.

எந்த அரசுப் பள்ளி என்பதும் முக்கியம், ஏனென்றால் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இரண்டு பள்ளிகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. சேர்க்கைப் பேரணி நடக்கும் நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாப் பள்ளியும் ஜொலிக்கும். சாதாரண நாளில் பதினொரு மணிக்குப் போங்கள். ஆசிரியர் பணியிடம் எத்தனை, அதில் காலி எத்தனை என்று கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தே பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால், தலைமையாசிரியர் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

இப்போதைக்கு வீட்டில்தான் என்று முடிவெடுத்தால், பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். பிள்ளை எழுதிய நோட்டுகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஆறாம் வகுப்புக்குச் சேர்க்கப் போகும்போது "டி.சி. இல்லாமல் எப்படி?" என்று கேட்பார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், தேவைப்பட்டால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால், நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரையும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலரையும் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு அலைவதைவிட ஏப்ரலிலேயே போய் ஒருமுறை பேசி வைப்பது உத்தமம். எமிஸில் புது எண் போடுவதற்கு அவர்களுக்கும் நேரம் வேண்டும்.